இரண்டரைக் குதிரையும் இருபத்தோரு மணி நேரக் குடும்பமும்

லாடம் அடிக்கும் ஆரின் ஸ்கோகன் தன் அறுபத்து நாலாவது வயதில் லூயெல்லா பிராதரிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவன் தோளில் ஐம்பது பவுண்டு ஓட்ஸ் மூட்டை இருந்தது. இறக்கி வைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். மூட்டையோடு சேர்ந்து தைரியமும் இறங்கிவிடுமோ என்று பயந்தான். லூயெல்லா அந்தத் தீவனக் கடைக்கு முதலாளி, வயது அறுபத்தொன்று. ரசீது எழுதிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மூட்டையை இறக்கிட்டுப் பேசுய்யா. முதுகு போனா பார்த்துக்க ஆள் கிடைச்சாச்சுன்னு இப்பவே முடிவு பண்ணிட்டியா?"

இறக்கினான்.

"இதோ பாரு ஆரின். என் அக்கா அரிசோனாவுல இருந்து வாராவாரம் போன் பண்றா. கடையை வித்துட்டு வந்துடுடி, இங்க பனியே கிடையாதுங்கிறா. ஜூன் முடியறதுக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். உனக்கும் அதே தவணைதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி என்னை எல்க்டூத் பூங்காவுக்குக் குதிரையில கூட்டிட்டுப் போ. முகாம் போட்டுத் தங்குவோம்."

"அங்க போயி?"

"நீ மிருகத்தை எப்படிக் கட்டுறேன்னு பார்க்கணும்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. லூயெல்லாவின் முதல் புருஷன் சோபாவில் உட்கார்ந்திருக்கும்வரை தங்கமான மனிதன். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக முகாமுக்குப் போன ராத்திரியே அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்து, குதிரைகள் இரண்டும் பதினெட்டு மைல் நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. அவன் முதலில் குதிரைகளைத் திட்டினான். பிறகு கயிற்றைத் திட்டினான். பிறகு லூயெல்லாவைத் திட்டினான். இதே வரிசையில் பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடந்தது.

"ஹால்ல உட்கார்ந்து காபி குடிக்கிறப்ப எல்லா ஆம்பளையும் நல்லவன்தான்," என்றாள் லூயெல்லா. "காட்டுல, மழையில, கை விறைச்சுப்போயி, குதிரை சொன்னபேச்சு கேக்காம நிக்கும் பாரு, அப்ப வாயில என்ன வருதுன்னு பார்க்கணும்."

ஆரினுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாற்பது வருஷமாகக் குதிரைக் காலை மடியில் வைத்துப் பிழைப்பவன். கட்டுவதும் அவிழ்ப்பதும் அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. இவ்வளவுதானே, என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கு ஒரே காரணம், அதுவரை அவனுக்கு மாநிலப் பூங்காத் துறையோடு பழக்கம் கிடையாது.

எல்க்டூத்தில் குதிரையோடு தங்கப் பதினாறு இடங்கள் உண்டு. தங்கும் நாளுக்குச் சரியாக நூற்றைம்பது நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றுக்காக ஆரின் ஜனவரியில், மீசையில் உறைபனியோடு, துறையின் வட்டார அலுவலகத்து வாசலில் ஏழு மணிக்கே நின்றான். வரிசையில் அவன்தான் முதல். கவுண்டரில் டார்லா என்ற அம்மாள் இருந்தார். கனிவானவர். கனிவு காட்டும்படி சுற்றறிக்கை வந்திருந்தது.

எட்டு அடித்தது. டார்லா கம்ப்யூட்டரைத் தட்டினார். எட்டு மணி நாலு விநாடிக்குப் பதினைந்து இடங்கள் போய்விட்டன.

"எப்படி மேடம்? நான்தானே முதல் ஆளு?"

"இந்த வரிசையில நீங்க முதல் ஆளு சார். வெப்சைட்ல எல்லாரும் முதல் ஆளு. எங்களுக்கும் அதே வெப்சைட்தான். கவுண்டருக்குத் தனி வழி வச்சா, வீட்ல இருந்து பதிவு பண்றவங்களுக்கு அநியாயம் இல்லையா?"

"என் வீட்ல கம்ப்யூட்டர் இல்லையேம்மா."

"அதுக்காகத்தான் சார் கவுண்டர் வச்சிருக்கோம்."

இதில் ஏதோ இடிக்கிறது என்று ஆரினுக்குப் பட்டது. ஆனால் எங்கே என்று விரல் வைக்க முடியவில்லை. அதற்குள் டார்லா நாலாம் எண் இடத்தைப் பிடித்துவிட்டார். எங்கள் மாநிலத்தில் அன்று அந்தச் சனிக்கிழமைக்கு மிச்சமிருந்த ஒரே இடம்.

"பதினஞ்சு நிமிஷம் நமக்காக நிறுத்தி வச்சிருக்கும் சார். அதுக்குள்ள எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும். எத்தனை குதிரை? ஒரு இடத்துல மூணுக்குக் குறைவாத்தான் இருக்கணும்."

ஆரின் விரல் மடக்கினான். அவனுடைய பெண்குதிரை பிஸ்கட். லூயெல்லாவின் குதிரை செனட்டர். மூன்றாவது, சாமான் சுமக்கும் டீக்கன் என்கிற கோவேறு கழுதை. டீக்கனை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. அது பிஸ்கட்டின் மேல் உயிரையே வைத்திருந்தது. பிஸ்கட் கண்ணில் படாவிட்டால் ஊரில் ஒருத்தரும் தூங்க முடியாதபடி கத்தும். கோவேறு கழுதைகளே அப்படித்தான். ஒரு பெண்குதிரையைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டால் அத்தோடு சரி. இந்த விஷயத்தில் ஆரினும் டீக்கனும் ஒரே சாதி.

"கோவேறு கழுதைக்குக் கட்டமே இல்ல சார். குதிரை, நாய், மற்றவை, அவ்வளவுதான். மற்றவையில போட்டா, ஆறடிக் கயித்துல எப்பவும் கையில பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ராத்திரி கூடாரத்துக்குள்ள கூடவே படுக்க வைக்கணும்."

ஆரின் கூடாரத்தை நினைத்துப் பார்த்தான். டீக்கன் தொள்ளாயிரம் பவுண்டு.

"கோவேறு கழுதைன்னா சரியா என்ன சார்?"

"அம்மா குதிரை. அப்பா கழுதை."

"அப்போ அது பாதி குதிரை?"

ஆரின் யோசித்தான். அவன் வாழ்நாளில் அரசாங்கக் காகிதத்தில் ஒரு பொய் எழுதியவனில்லை. "அம்மா வழியில பார்த்தா பாதிதான்," என்றான். "இரண்டரைன்னு போட்டுடுங்க."

டார்லா இரண்டு போட்டு, புள்ளி வைத்து, ஐந்து போட்டார். இரண்டரை மூன்றுக்குக் குறைவு. கம்ப்யூட்டர் பச்சை காட்டியது.

"அடுத்தது. ஒரு இடத்துக்கு ஒரு குடும்பம்தான். கூட வர்றவங்க உங்க மனைவியா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் மேடம் இந்த இடத்தையே கேக்குறேன்."

டார்லா விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டார். "கல்யாணம் ஆகலைன்னா நீங்க ரெண்டு குடும்பம் சார். ரெண்டு இடம் வேணும். ஒண்ணுதான் இருக்கு."

"இடம் குடுத்தீங்கன்னா கல்யாணம் ஆயிடும்."

"கல்யாணம் ஆச்சுன்னா இடம் குடுத்துடுவோம்."

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பு எதுவும் இல்லை. பின்னால் இரண்டு நாய்களோடு நின்ற பெண்மணிதான் பொறுமை இழந்தாள். "யோவ், போயி அந்தப் பொம்பளையைக் கட்டிக்கிட்டு வந்துதான் வரிசையில நில்லேன். எங்களுக்கும் வேலை இருக்கு."

"மாடிக்குப் போங்க சார்," என்றார் டார்லா, குரலைத் தாழ்த்தி. "துணை இயக்குநர் எல்ஸ்வொர்த் புரூயிட். விதிவிலக்கு குடுக்க அவர் ஒருத்தருக்குத்தான் அதிகாரம். பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. ஓடுங்க."

துணை இயக்குநரின் அறைச் சுவர் முழுக்கப் பூங்காப் படங்கள். அருவி, புல்வெளி, பாறை, மறுபடியும் அருவி. ஒரு படத்திலும் மனிதர்கள் இல்லை. மூலையில் ஒரு மரத்தாங்கியில் விலை உயர்ந்த சேணம் இருந்தது. அதன் மேல் இன்னும் கடைச்சீட்டு தொங்கியது. ஆரின் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். புரூயிட் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உட்காருங்க மிஸ்டர் ஸ்கோகன். அவசரப்படாதீங்க. பூங்கான்னா என்ன? மகிழ்ச்சி. நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்தாறு வருஷம். இந்த இருபத்தாறு வருஷத்துல பூங்காக்களுக்கு வந்த ஆபத்தெல்லாம் எடுத்து அலசிப் பார்த்தேன். காட்டுத்தீ இல்ல. வெள்ளம் இல்ல. மரத்தை அரிக்கிற வண்டு இல்ல. ஒரே ஒரு ஆபத்துதான். வர்றவங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிஷம் பாக்கி.

"அந்தப் படத்தைப் பாருங்க. எல்க்டூத் புல்வெளி. புல்லு இடுப்பு உயரம் நிக்குது. எப்படி? அந்த வருஷம் பாலம் உடைஞ்சு போச்சு. எல்லாரும் சரி பண்ணு, சரி பண்ணுன்னு கத்தினாங்க. நான் அசையல. மூணு வருஷம்! சிறந்த பராமரிப்புன்னு எனக்கு விருது குடுத்தாங்க. பூங்கா மக்களுக்குத்தான். யாரு இல்லைன்னா? ஆனா எந்த மக்களுக்கு? இன்னிக்கு வாசல்ல நிக்கிறவங்களுக்கா, இனிமே பொறக்கப்போற தலைமுறைக்கா? நான் எப்பவும் அந்தத் தலைமுறை பக்கம். இருபத்தாறு வருஷத்துல அவங்ககிட்ட இருந்து ஒரு புகார் வந்ததில்ல."

"ஐயா, நாலு நிமிஷம்தான் இருக்கு."

"காலம்! சரியாச் சொன்னீங்க. காலம்தான் எல்லாம்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். "படிவம் 22-ஈ. தற்காலிகக் குடும்ப உறுதிமொழி. நானே உட்கார்ந்து எழுதினது. பதினோரு வருஷமா இதை யாரும் கேட்டு வரல. இதுல கையெழுத்துப் போட்டா, சனிக்கிழமை மதியம் ரெண்டு மணியில இருந்து ஞாயித்துக்கிழமை காலை பதினோரு மணி வரைக்கும், இந்த மாநிலத்தோட கண்ணுல நீங்க ஒரே குடும்பம். இருபத்தோரு மணி நேரம்."

ஆரின் படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். டார்லா பொத்தானை அழுத்தும்போது பதினெட்டு விநாடி மிச்சமிருந்தது. இயந்திரம் அனுமதிச் சீட்டை அச்சடித்தது: இடம் நாலு. குடும்பம் ஒன்று. குதிரை இரண்டரை.

லூயெல்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். கீழே கையொப்பமிட்ட இருவரும் ஒரே அடுப்பில் சமைப்பார்கள். ஒருவர் செய்த தவறுக்கு மற்றவரும் பொறுப்பாவார். குப்பையை வெளியே கொண்டுபோவது இருவரின் கடமை.

"என் முதல் கல்யாணத்துல இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் குடுக்கல," என்றாள். பேனாவை எடுத்தாள். "கூடாரம் ரெண்டு. அதை ஓரத்துல எழுது. அப்புறம் பதினோரு மணி அடிச்சு ஒரு நிமிஷம் ஆனாலும் நீ யாரோ, நான் யாரோ."

"சரி லூயெல்லா."

"சரியாம் சரி. சண்டை போட மாட்டியா?"

"யாரோட?"

அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. குதிரைகளுக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டும். களைவிதை இல்லை என்று சான்று பெற்ற, இரட்டை நிறக் கயிறு கட்டிய புல்லைத்தான் பூங்காவுக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் நாலு நாள் முன்னாலிருந்தே தின்னக் கொடுத்திருக்க வேண்டும். கட்டும் மரத்தில் தழும்பு விழாமல் அகலப் பட்டை சுற்ற வேண்டும். இதெல்லாம் நல்ல விஷயம்தான் என்று ஆரினே ஒப்புக்கொள்வான். மே மாதம் வந்த கடிதம்தான் வேறு மாதிரி. விலங்குகள் அனைத்தும் அறிமுகப் படத்தை நேரில் பார்த்தாக வேண்டும். படத்தின் பெயர் 'பொறுப்புள்ள குதிரை'. நாற்பது நிமிஷம்.

ஆரினும் லூயெல்லாவும் மூன்றையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனார்கள். கார் நிறுத்துமிடத்தில் 'குதிரைகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. ஆகவே டிரெய்லரின் பின்கதவை மட்டும் திறந்து வைத்து, டிவியை ஜன்னலில் தூக்கி வைத்தார்கள். டார்லா கையில் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். பிஸ்கட் படத்தை ஒழுங்காகப் பார்த்தது. செனட்டர் ஏழாவது நிமிஷமே தூங்கிவிட்டதால் முதலிலிருந்து போடவேண்டியதாயிற்று. இரண்டாவது முறை லூயெல்லா பக்கத்தில் நின்று, கண் சொருகும்போதெல்லாம் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்கே இரண்டு தடவை கண் சொருகிவிட்டது.

இருபதாவது நிமிஷத்தில் டார்லா கையைத் தூக்கினார். "அந்தக் கோவேறு கழுதையை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிடுங்க சார்."

"ஏன் மேடம், அது நல்லாத்தானே பார்க்குது?"

"அனுமதியில அது அரைக் குதிரை. பாதிப் படத்துக்குத்தான் சான்று குடுக்க முடியும். முழுசா பார்த்துட்டா ஆடிட்ல கேள்வி வரும்."

ஆரின் டீக்கனை இறக்கிக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். பிஸ்கட்டைக் காணாமல் அது படம் முடியும்வரை கத்திக்கொண்டே இருந்தது. படத்தின் பின்பாதி முழுக்க, முகாமில் எங்கே லத்தி போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்பதைப் பற்றியது. அது டீக்கனுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

ஜூன் மாதச் சனிக்கிழமை வந்தது. கோவேறு கழுதைக்குச் சுமை ஏற்றும்போது இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வழியில் சேணம் சாய்ந்து முதுகு புண்ணாகிவிடும். லூயெல்லா தன் இரும்பு வாணலியும் மூடிபோட்ட இரும்புச் சட்டியும் இல்லாமல் எங்கும் வருவதில்லை. இரண்டும் சேர்ந்து முப்பத்தொரு பவுண்டு. அதற்கு ஈடாக மறுபக்கம் வைக்க ஆரின் கல் தேடவில்லை. துறை அனுப்பிய கடிதங்களையும் சான்றுகளையும் ஒரு சாக்கில் போட்டு நிறுத்துப் பார்த்தான். முப்பத்தொரு பவுண்டு, ஒரு அவுன்ஸ் கூடக் குறைய இல்லை.

மூன்று மணி நேரம் மலையேறி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசல் பலகையில் 'இடம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை, ஒரு குதிரை இல்லை. பதினைந்து இடமும் காலி. காற்றுதான் வீசியது. ரேஞ்சர் வெண்டல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குடிலிலிருந்து வந்தான். நாற்பது வயது, சாதுவான ஆள், இடுப்பில் வயர்லெஸ்.

"ஃபுல்லுன்னு போட்டிருக்கே, ஒருத்தரும் காணோமே தம்பி?" என்றாள் லூயெல்லா.

"ஃபுல்லுதாம்மா. எல்லாரும் அஞ்சு மாசம் முன்னாடியே பதிவு பண்ணிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

"வர மாட்டாங்கம்மா. ஜனவரியில பதிவு பண்றப்ப ஜூன்ல என்ன வேலை வரும்னு யாருக்குத் தெரியும்? அந்த அஞ்சாம் நம்பர்ல மட்டும் கால் வைக்காதீங்க. அங்க ஒரு பெரிய குடும்பம் இருக்காங்க."

ஐந்தாம் எண்ணில் ஒரு அணில் உட்கார்ந்திருந்தது.

வெண்டல் அனுமதிச் சீட்டைப் பார்த்தான். மிருகங்களைப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான். மறுபடியும் சீட்டைப் பார்த்தான். "இதுல இரண்டரைன்னு இருக்கு. இங்க மூணு நிக்குது."

ஆரின் டீக்கனின் தாய்வழியை விளக்கினான். வெண்டல் மரியாதையோடு கேட்டுக்கொண்டான். பிறகு வயர்லெஸை எடுத்தான். மலை முழுக்க எதிரொலிக்கிற மாதிரி துணை இயக்குநர் புரூயிட்டின் குரல் வந்தது.

"அச்சடிச்ச அனுமதியை மாத்த எனக்கே அதிகாரம் இல்ல வெண்டல். சீட்டுல அரைன்னா அரைதான். அரைக் குதிரை உள்ள இருக்கலாம். அதுக்கு எல்லா வசதியும் செஞ்சு குடுங்க. மிச்ச அரை உள்ள இருக்கக் கூடாது."

"சார், மிச்ச அரையை எங்க விடச் சொல்றது?"

"அது நம்ம துறையோட பொறுப்பு இல்ல."

வெண்டல் வயர்லெஸை இடுப்பில் மாட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு நின்றான். தூறல் ஆரம்பித்தது. லூயெல்லா ஒரு வெட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி, குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இதற்காகத்தான் அவள் வந்ததே. இப்போது குதிரையைத் திட்டுவான், பிறகு கயிற்றை, பிறகு தன்னை. பன்னிரண்டு வருஷம் கேட்ட பாட்டு. அவள் காத்திருந்தாள்.

ஆரின் தலையைச் சொறிந்தான். டீக்கனைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"வெண்டல், டேப் வச்சிருக்கியாப்பா?"

இருந்தது. துறை எல்லா ரேஞ்சருக்கும் டேப் கொடுத்திருந்தது. "மூக்குல பிடிச்சுக்கோ. கடிக்காது. அது ஞானஸ்நானம் வாங்கின கழுதை." ஆரின் வால் நுனிவரை இழுத்துப் பார்த்தான். ஒன்பது அடி இரண்டு அங்குலம். லாடத்துக்கு அளவு போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, நாலு அடி ஏழு அங்குலத்தில் விலாவின் மேல் நேராக ஒரு கோடு போட்டான். "வாலைச் சேர்க்கலாமா?" என்று வெண்டலைக் கேட்டான். வெண்டல் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அதில் வாலைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆகவே சேர்க்கலாம் என்றான்.

நாலாம் எண் இடத்தின் வடக்கு ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாகக் கிடந்தன. அதுதான் பூங்காவின் எல்லையும். அதற்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைத் துறை ஜல்லி எடுக்கிற நிலம். ஆரின் இரண்டு பைன் மரங்களுக்குப் பட்டை சுற்றி, தலைக்கு மேல் உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டினான். பிஸ்கட்டை உள்பக்கம் நிறுத்தினான். டீக்கனைக் கற்களுக்குக் குறுக்கே நிறுத்தி, தலைக்கயிற்றை மேலே கட்டினான். முன்னால் போகாதபடி ஒரு மரக்கட்டையை உருட்டிப் போட்டான். பின்னால் போகாதபடி எதையும் போடவில்லை. டீக்கன் மூக்கை நீட்டி பிஸ்கட்டின் கழுத்தில் வைத்துக்கொண்டது. இனி இடி விழுந்தாலும் பின்னால் போகாது. தூறலில் கயிறு நனைந்து வழுக்கியது. ஆரின் இரண்டு தடவை விரலை உதறிவிட்டு, "இன்னும் கொஞ்சம்டா கண்ணு, நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்," என்று டீக்கனிடம் சொன்னான். அவன் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

வெண்டல் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்ணக் கோட்டையும் வெள்ளைக் கற்களையும் ஒரே நேராகப் பார்த்தான். "அரை அங்குலம் உள்ள இருக்கு சார்."

ஆரின் டீக்கனின் மார்பில் கை வைத்து மெல்லத் தள்ளினான். "இப்ப?"

"இப்ப சரி." வெண்டல் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். நிம்மதியாகச் சீட்டில் முத்திரை குத்தினான். அந்தச் சமயம் பார்த்து டீக்கன் வாலைத் தூக்கியது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெகு நேரம் நடந்தது. வெண்டல் பழக்கதோஷத்தில் புத்தகத்தைத் திறந்து, லத்தி விதி பதினேழாம் பக்கத்துக்குப் போய், பேனாவின் மூடியைக் கழற்றினான். பிறகு கற்களைப் பார்த்தான். குவியலைப் பார்த்தான். பேனாவை மூடினான்.

"அது நெடுஞ்சாலைத் துறை," என்றான். "எங்களுக்கு அங்க அதிகாரம் இல்ல."

லூயெல்லாவுக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமினாள், சிரித்தாள், மறுபடியும் இருமினாள். குவளை கையிலிருந்து விழுந்து உருண்டது. வெட்டுமரத்திலிருந்து நழுவி ஈரப் புல்லில் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆரின் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தான்.

"என்ன ஆச்சு? நான் ஏதாவது தப்பாக் கட்டிட்டேனா?"

"போய்யா அந்தப் பக்கம்," என்றாள். பிறகு எழுந்து போய், டீக்கனின் கயிற்றைத் தன் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். முடிச்சு இறுகியது. தொங்கிய நுனியை ஒரு விரலால் சுண்டினாள். பூப்போல அவிழ்ந்தது. மறுபடியும் கட்டிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அன்று ராத்திரி இரண்டு கூடாரத்திலும் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள். ஒருத்தருக்கு மட்டும் பதில் என்னவென்று தெரியும்.

மறுநாள் காலை பத்து ஐம்பதுக்கு வெண்டல் வந்தான். லூயெல்லா வாணலியில் பன்றிக்கறியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆரின் தட்டோடு நின்றிருந்தான். விடிந்ததிலிருந்து அவன் மணிக்கட்டைப் பதினாலு தடவை பார்த்திருந்தான்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க குடும்பம் இன்னும் பத்து நிமிஷத்துல முடியுது. 22-ஈ படிவத்தைத் திருப்பிக் குடுத்துடணும்."

ஆரின் படிவத்தை எடுக்கப் பையில் கை விட்டான். கை மெதுவாகத்தான் போனது.

"இரு," என்றாள் லூயெல்லா, வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பி, இதை நீட்டிக்க முடியுமா?"

ஆரின் தட்டு புல்லில் விழுந்தது.

"நீட்டிக்கலாம்மா. எதுவரைக்கும்?"

"நாங்க இருக்கிற வரைக்கும்."

வெண்டல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதுக்குக் கட்டம் இல்லம்மா. தேதி போடணும்." வயர்லெஸை எடுத்தான். அந்தப் பக்கம் புரூயிட் மூக்கைச் சிந்துவது கேட்டது. பதினோரு வருஷம் கழித்து அவருடைய படிவத்தை ஒருவர் நீட்டிக்கக் கேட்கிறார்.

"வாழ்த்துக்கள் சொல்லுங்க வெண்டல். ஆனா விதி விதிதான். இந்தத் துறையில எந்த அனுமதியும் பதினாலு நாளைக்கு மேல கிடையாது. பதினாலாவது நாள் கவுண்டருக்கு வந்து புதுப்பிச்சுக்கலாம். ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

ஆகஸ்டில் சர்ச்சில் முறைப்படி கல்யாணம் நடந்தது. பாதிரியார் ஆயுசு முழுவதற்கும் என்றுதான் சொன்னார். லூயெல்லா அதையும் வைத்துக்கொண்டாள். ஆனால் துறையின் ஏற்பாடுதான் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு திங்கட்கிழமை விட்டு ஒரு திங்கட்கிழமை இருவரும் வட்டார அலுவலகத்துக்குப் போகிறார்கள். டார்லா 22-ஈ படிவத்தைத் தயாராக வைத்திருப்பார். ஆரின் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவான். லூயெல்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிப்பாள். குப்பையை வெளியே கொண்டுபோவது என்ற இடம் வந்ததும் நிறுத்தி, ஆரினைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். பதினோராம் நாளிலிருந்தே அவன் வீட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுகிறான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. இதுவரை ஒவ்வொரு முறையும் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அக்கா இன்னும் அரிசோனாவிலிருந்து வாராவாரம் போன் பண்ணுகிறாள். என்னடி முடிவு பண்ணினே, வர்றியா இல்லையா என்கிறாள்.

"அவசரப்படாதக்கா," என்கிறாள் லூயெல்லா. "பதினாலு நாள் கழிச்சுச் சொல்றேன்."